எந்த அட்டையைப் பார்த்துச் சுடுவது?

சென்னை மெரினா கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்றவர்களில் பலர் பலூன் சுட்டும் பார்த்திருப்பார்கள். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், கைப்பிடி தேய்ந்த ஒரு காற்றுத் துப்பாக்கி, பத்து ரவை. பலூன் வெடித்தால் குழந்தைகளுக்குச் சிரிப்பு. வெடிக்காவிட்டால் "துப்பாக்கியே கோணல்" என்று கடைக்காரர் மீது பழி. அத்துடன் விஷயம் முடிந்துவிடும்.

பலூனுக்குச் சொல்லத் தெரிந்தது பட்டது, படவில்லை என்ற இரண்டே சங்கதிதான். நட்ட நடுவில் பட்டதா, ஓரத்தில் உரசியதா, தவறிய ரவை இடது பக்கம் போயிற்றா, காலடியில் போயிற்றா என்றெல்லாம் அதனிடம் கேட்க முடியாது. சுடக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அந்த விவரம்தான் தேவை. அதைச் சொல்லுவது காகித அட்டை. ஆனால் சரியான அட்டையாக இருந்தால்தான் அது சொல்லுவது உண்மையாக இருக்கும். தவறான அட்டை பொய்ச் சாட்சி சொல்லும். அந்தப் பொய்யை நம்பி மாதக்கணக்கில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போய்த் தலை குனிந்து திரும்புகிற பிள்ளைகள் உண்டு.

தலைநகர் டில்லியின் தென் பகுதியில், துக்ளகாபாத்தில் இருக்கிறது டாக்டர் கர்ணி சிங் சுடுதளம். 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டு, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்டது. கர்ணி சிங் பிகானீர் மகாராஜா. பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டு, 1962-ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் சுட்டது காகிதத்தை அல்ல, வானத்தில் பறந்து வரும் களிமண் தட்டுகளை. அந்தத் தட்டும் ஒரு வகையில் பலூன் மாதிரிதான்: உடைந்தது அல்லது உடையவில்லை. அவருடைய பெயரைத் தாங்கிய தளத்திலேயே 10 மீட்டர், 25 மீட்டர், 50 மீட்டர் கூடங்களில் அட்டையைப் பார்த்துச் சுடும் வித்தையும் நடக்கிறது. அங்கேதான் மில்லிமீட்டர் கணக்கு ஆரம்பமாகிறது.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலம் வென்றது எல்லோருக்கும் தெரியும். தகுதிச் சுற்றில் அவர் எடுத்தது 600-க்கு 580. இறுதிச் சுற்றில் அவருடைய கணக்கு 221.7. வெள்ளிக்கான வாய்ப்பு வெறும் 0.1 புள்ளியில் கைநழுவியது. இந்த அட்டையில் 0.1 புள்ளி என்றால் எவ்வளவு தூரம்? 0.8 மில்லிமீட்டர். பென்சில் கோட்டின் தடிமன் என்று சொல்லலாம்.

ஒலிம்பிக்கில் இப்போது காகிதம் கிடையாது. ரவை எங்கே புகுந்தது என்பதை மின்னணுக் கருவி கணித்துத் திரையில் காட்டிவிடுகிறது. ஆனால் அந்தக் கருவி கணிப்பது காகித அட்டையின் அளவுகளை வைத்துத்தான். பள்ளிகளிலும், சிறிய கிளப்புகளிலும், மாவட்ட அளவிலும் இன்னும் காகிதம் இருக்கிறது. தொடக்கத்தில் காகிதத்தில் பழகாமல் நேரே திரைக்கு வந்தவர்கள் குறைவு.

பாரிஸுக்குப் பிறகு வீட்டில் பிள்ளைகள் கேட்கிற கேள்வியும் மாறிவிட்டது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒரு மத்திய சர்க்கார் குமாஸ்தாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஏர் பிஸ்டல் பழக ஆசைப்படுகிறாள். "அப்பா, டார்கெட் வாங்கணும்ப்பா" என்கிறாள். அவர் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுச் சாமான் கடைக்குப் போகிறார். கடைக்காரர் நாலைந்து தினுசு கட்டுகளை எடுத்துப் போடுகிறார். சிறியது, பெரியது, மனித உருவம் போட்டது, சுட்டால் பச்சையாக மின்னுவது. எல்லாவற்றிலும் நடுவில் வட்டம் இருக்கிறது. விலை குறைந்த கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் தோன்றும். அங்கேதான் தவறு நடக்கிறது.

ரைபிள் அட்டை வேறு, பிஸ்டல் அட்டை வேறு

10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குச் சர்வதேச விதிப்படி உள்ள அட்டை 17 சென்டிமீட்டர் சதுரம். நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தின் குறுக்களவு 59.5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி தரும் வளையம் 11.5 மில்லிமீட்டர். அதற்குள்ளே 5 மில்லிமீட்டரில் இன்னொரு சிறு வளையம் உண்டு. இருவர் சமமாக எடுத்தால், யார் அந்த உள்வளையத்தை அதிகம் தொட்டிருக்கிறார் என்று பார்ப்பார்கள். வெளியே உள்ள 1 புள்ளி வளையம் 155.5 மில்லிமீட்டர்.

10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு உள்ள அட்டையோ 8 சென்டிமீட்டர் சதுரம்தான். கறுப்பு 30.5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு. கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் சுடுவது இந்தப் பொட்டைப் பார்த்துத்தான். தோளில் சாய்த்து, இரு கையாலும் தாங்கிச் சுடும் ரைபிளுக்கு அது தகும். ஒற்றைக் கையை நீட்டிச் சுடும் பிஸ்டலுக்கு அது தகாது.

இரண்டும் பத்து மீட்டர்தானே என்று கடைக்காரர் ரைபிள் கட்டைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பிஸ்டல் அட்டையில் கோட்டைத் தொட்டு 8 புள்ளி வாங்கும் ரவை, ரைபிள் அட்டையில் 1 புள்ளிதான் வாங்கும். புதிதாகப் பழகும் பிள்ளையின் ரவைகளில் பாதி அட்டையிலேயே படாது. இரண்டு வாரத்தில் "எனக்கு இது வராது" என்று பெட்டியை மூடிவிடும். குற்றம் கையில் இல்லை, கட்டில்.

இதைவிட நுட்பமான கெடுதல் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள, பிஸ்டலில் குறி பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். குழாயின் நுனியில் ஒரு சிறு தகடு நிற்கும், அது முன்குறி. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சதுரப் பள்ளம் இருக்கும், அது பின்குறி. பள்ளத்தின் நடுவில் தகடு நிற்க வேண்டும், இரு புறமும் சமமாக வெளிச்சம் தெரிய வேண்டும், மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கறுப்புத் தகட்டைக் கறுப்பு வட்டத்தின் நடுவில் வைத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் வட்டத்துக்கு அடியில், கொஞ்சம் வெள்ளை விட்டு, அங்கே நிறுத்துவார்கள். அடியில் குறி வைத்தாலும் ரவை நடுவில் போய் விழும்படி துப்பாக்கியைத் திருகாணியால் சரி செய்து வைத்திருப்பார்கள்.

அப்படியானால் கறுப்பின் அளவு மாறினால் கணக்கே மாறிவிடும் அல்லவா? 59.5 மில்லிமீட்டர் கறுப்புக்குச் சரி செய்த பிஸ்டலை 30.5 மில்லிமீட்டர் கறுப்பின் அடியில் வைத்துச் சுட்டால், ரவை நடுவுக்கு 14.5 மில்லிமீட்டர் மேலே போய் விழும். பிஸ்டல் அட்டையின் அளவில் சொன்னால் ஏறத்தாழ இரண்டு வளையம். பிள்ளை சரியாகத்தான் சுட்டிருக்கும், அட்டை தவறு என்று சொல்லும். பிள்ளையும் அதை நம்பித் திருகாணியைத் திருகும். பிறகு ஒரு நாள் சரியான அட்டை வந்தால், ரவைகள் எல்லாம் அடியில் போய்ச் சேரும்.

ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள்

கடைக்குப் போகும்போது பிள்ளையின் ஜியோமிதிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்கேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். அட்டை 17 சென்டிமீட்டர் இருக்கிறதா, கறுப்பு ஆறு சென்டிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கலாம். குறுக்கிலும் நெடுக்கிலும் அளக்க வேண்டும். மட்டமான அச்சில் வட்டம் முட்டையாகியிருக்கும். வளையங்கள் ஒன்றுக்கொன்று நடு விலகியிருப்பதும் உண்டு.

அடுத்தது தாள். நல்ல அட்டையில் பளபளப்பு இருக்காது. மேலே விளக்கைப் போட்டால் கண்ணைக் கூசக் கூடாது. பழுப்பு கலந்த வெள்ளை கண்ணுக்கு இதம். ஏர் பிஸ்டல் ரவையின் தலை தட்டையாக இருக்கும். நல்ல அட்டையில் அது காகிதம் குத்தும் கருவியைப் போல வட்டமாகத் துளை போடும். ஆபீஸில் கடிதம் அச்சடிக்கும் சாதாரணத் தாளில் சுட்டால் அது நட்சத்திரமாகக் கிழியும். எந்த வளையம் வரை ரவை தொட்டது என்பதே தெரியாது.

இது சின்ன விஷயம் இல்லை. விதி என்னவென்றால், ரவைத் துளையின் ஓரம் உள்வளையத்தின் கோட்டைத் தொட்டாலே போதும், அதிகப் புள்ளி கிடைக்கும். 11.5 மில்லிமீட்டர் வளையம், 4.5 மில்லிமீட்டர் ரவை. இரண்டிலும் பாதியைக் கூட்டினால் 8 மில்லிமீட்டர். ரவையின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. 16-க்குள் ஒன்பது. 24-க்குள் எட்டு. சந்தேகமான துளைக்கு நடுவர் ஓர் அளவுகோலைச் செருகிப் பார்ப்பார். அதை ஒரு துளையில் ஒரே ஒரு தடவைதான் செருகலாம். இரண்டாம் முறை செருகினால் துளை பெரிதாகிவிடும். கிழிந்த தாளில் இதற்கெல்லாம் வழியே இல்லை.

ஆபீஸில் நகல் எடுக்கும் இயந்திரம் இருக்கிறதே, ஒரு நல்ல அட்டையை வைத்து நூறு எடுத்துக்கொள்ளலாமே என்று குமாஸ்தாவுக்குத் தோன்றுவது இயற்கை. ஆபீஸ் காகிதத்தைச் சொந்தக் காரியத்துக்கு எடுப்பதன் நியாயத்தை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவோம். அளவை மட்டும் பார்ப்போம். பல இயந்திரங்கள் கேளாமலே படத்தை நூற்றுக்கு நாலைந்து பங்கு சுருக்கிவிடும். ஐந்து பங்கு சுருங்கினால் கறுப்பு 56.5 ஆகிவிடுகிறது. சுருங்கினால் வீண் சோர்வு, விரிந்தால் வீண் பெருமை. தாளும் மெலிது. மாநிலப் போட்டியிலும், அதற்கு மேலே தேசியப் போட்டிக்கு வழி திறக்கும் மவ்லங்கர் போட்டியிலும் குறைந்தபட்சப் புள்ளி என்று ஒரு வாசற்படி வைத்திருக்கிறார்கள். வீட்டில் எடுத்த கணக்கை நம்பி ரயிலேறிப் போய், அந்த வாசற்படியில் இரண்டு புள்ளிக்குத் தடுக்கி விழுந்தால், டிக்கெட் காசும் லீவும் போனதுதான் மிச்சம். தேசிய ரைபிள் சங்கம் 1951-ல் தொடங்கியபோது முதல் தலைவராக இருந்தவர் மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மவ்லங்கர். அந்தப் போட்டிக்கு அவருடைய பெயர்தான்.

பாதி அட்டையின் மோசடி

வீட்டுக் கூடம் ஐந்து மீட்டர்தான் இருக்கிறது, பாதி அளவு அட்டை வைத்தால் கணக்கு சரியாகிவிடும் என்று சிலர் சொல்லுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவில் சரிதான். புள்ளிக் கணக்கில் சரியில்லை. தூரம் பாதியானது, வளையம் பாதியானது, ரவை மட்டும் பாதியாகவில்லை. அதே 4.5 மில்லிமீட்டர் ரவை சிறிய வளையங்களை எளிதில் தொட்டுவிடும். 10 மீட்டரில் 8 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டியது, பாதி அட்டையில் பத்தேகால் மில்லிமீட்டருக்குச் சமமான தூரத்தில் விழுந்தாலும் பத்து என்று காட்டும். மகளுக்கும் சந்தோஷம், அப்பாவுக்கும் சந்தோஷம். சந்தோஷம் துக்ளகாபாத் வரைதான்.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்குள் ரவை போட்டுச் சுடவே கூடாது. ஈய ரவை சுவரில் பட்டுத் திரும்பும். கதவுக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்பது தெரியாது. 4.5 மில்லிமீட்டர் வாயும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்பதால், அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

வீட்டில் செய்யக்கூடியது ரவை போடாத பழக்கம். சுவரில் தோள் உயரத்தில் ஓர் அட்டையை ஒட்டி, வெற்றுத் துப்பாக்கியால் குறி வைத்து விசையை மட்டும் அழுத்திப் பழகுவது. அதற்குப் பாதி அட்டை தாராளமாகப் போதும். புள்ளி எண்ணப் போவதில்லை, அதனால் பொய்யும் இல்லை. காசும் செலவில்லை. பெரிய வீரர்களும் நாள்தோறும் செய்கிற வேலை இது.

வெற்று அட்டையில் முதல் பாடம்

தொடக்கக்காரருக்கு முதலில் வட்டமே இல்லாத அட்டையைக் கொடுப்பது பல பயிற்சியாளர்களின் வழக்கம். கடையில் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இருக்கிற அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரியும்படி மாட்டினால் ஆயிற்று. கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்: குறியே இல்லாமல் எதைக் குறி பார்ப்பது?

பதில் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே ஓர் அடிக்குச் சற்று அதிகம்தான் இடைவெளி. பள்ளத்தில் தகடு கால் மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டருக்கு அப்பால் ரவை ஒரு முழு வளையம் தள்ளிப் போகும். அதே சமயம், இரு குறிகளும் சரியாக இருந்து, கை மட்டும் மொத்தமாக அரைச் சென்டிமீட்டர் ஆடினால், ரவையும் ஏறக்குறைய அரைச் சென்டிமீட்டர்தான் தள்ளிப் போகும்; பத்தை விட்டு வெளியே போகாது. எனவே கண் இருக்க வேண்டிய இடம் முன்குறியில். அட்டை மங்கலாகத் தெரிந்தால் பாதகமில்லை. ஆனால் கறுப்பு வட்டம் ஒன்றை எதிரே வைத்துவிட்டால் புதியவரின் கண் அங்கேதான் ஓடும். வெற்று அட்டையில் கண்ணுக்கு ஓடுவதற்கு இடம் இல்லை.

வெள்ளையில் ஐந்து ரவை சுட்ட பிறகு பார்க்க வேண்டியது, அவை எங்கே விழுந்தன என்பதை அல்ல. எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதை. ஐந்தும் ஒரு எட்டணாக் காசுக்குள் அடங்கினால் அட்டையின் எந்த மூலையில் இருந்தாலும் சந்தோஷப்படலாம். கையும் கண்ணும் ஒன்றுபட்டுவிட்டன, திருகாணியைத் திருப்பிக் கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவரலாம். ஐந்தும் ஐந்து திசையில் சிதறியிருந்தால் திருகாணியைத் தொடவே கூடாது. கோளாறு துப்பாக்கியில் இல்லை. அப்போதும் திருகிக்கொண்டே இருப்பது புதியவர்களுக்கெல்லாம் பொதுவான வியாதி.

அடுத்த படியாக, குறுக்கே ஒரே ஒரு கோடு போட்ட அட்டை. கோட்டின் மேல் எங்கே விழுந்தாலும் சரி, மேலும் கீழும் போகக் கூடாது. பிறகு செங்குத்தாக ஒரு கோடு. இவற்றை வீட்டிலேயே அடிமட்டம் வைத்துக் கீறிக்கொள்ளலாம். கறுப்பு வட்டத்தைப் பிறகு வைத்துக்கொண்டால் போதும்.

பிழை காட்டும் அட்டை என்று ஒன்று விற்கிறார்கள். வட்டத்தைத் துண்டு போட்டு, இங்கே விழுந்தால் விசையை வெடுக்கென்று இழுத்தாய், அங்கே விழுந்தால் மணிக்கட்டு வளைந்தது என்றெல்லாம் எழுதியிருக்கும். பார்க்க ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். பலனும் பல சமயம் அப்படித்தான். வலது கைக்காரர் விசையை வெடுக்கென்று இழுத்தால் ரவை இடது பக்கம் கீழே போவது பொதுவாக உண்மை. இடது கைக்காரருக்கு அது தலைகீழ். அவர்கள் அந்த அட்டையை அப்படியே நம்பினால் வம்பு. ரவைகள் நெருங்கி விழத் தொடங்கிய பிறகுதான் அதில் ஏதாவது பிரயோஜனம் உண்டு.

சுட்ட இடத்தில் பச்சையாக மின்னும் அட்டைக்கும் ஓர் உபயோகம் இருக்கிறது. 25 மீட்டர், 50 மீட்டரில் தொலைநோக்கி இல்லாதவர் ரவை எங்கே விழுகிறது என்று பார்த்துத் துப்பாக்கியைச் சரி செய்துகொள்ளலாம். அன்றாடப் பழக்கத்துக்கு அது வேண்டாம். ஒவ்வொரு ரவைக்கும் ஒரு மின்னல் தெரிந்தால், விசையை அழுத்துவதற்கு முன்பே கண் மின்னலைத் தேடி ஓடிவிடும். விலையும் அதிகம்.

இருபத்தைந்து மீட்டரில் இரண்டு அட்டை

ஏர் பிஸ்டலைத் தாண்டி .22 பிஸ்டலுக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். அதற்கு உரிமம் வேண்டும், செலவும் கூடும். காவல்துறையிலும் ராணுவத்திலும் இருக்கிற நம்மவர்கள் தங்கள் படைப்பிரிவு மூலமாகவே அங்கே வந்துவிடுகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வென்ற விஜய் குமார் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர்.

இங்கே அட்டை இரண்டு வகை. நிதானமாகச் சுடும் அட்டையில் பத்து வளையம் 50 மில்லிமீட்டர், கறுப்பு 200. வேகமாகச் சுடும் அட்டையில் பத்து வளையம் அதைப் போல இருமடங்கு, 100 மில்லிமீட்டர். கறுப்பு 500; புள்ளி 5-லிருந்துதான் ஆரம்பம். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் முதல் 30 குண்டு முதல் அட்டையில், அடுத்த 30 இரண்டாவதில். இரண்டாவது பகுதியில் ஒவ்வொரு குண்டுக்கும் மூன்று விநாடிதான் அவகாசம். அதற்குள் கையை உயர்த்திச் சுட வேண்டும். ஆண்களின் ரேபிட் ஃபயரில் ஐந்து அட்டைகளில் ஐந்து குண்டு, கடைசியில் நான்கே விநாடியில். அவசரத்துக்கு ஈடாகத்தான் வளையத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

பெரிய அட்டையை மாட்டிவிட்டு நிதானமாகச் சுட்டுத் தொண்ணூற்றைந்து எடுத்தேன் என்று சொல்லுகிறவரைச் சுடுதளங்களில் பார்க்கலாம். அவரிடம் சிறிய அட்டையைக் கொடுத்துப் பார்த்தால் கணக்கு வெளுத்துவிடும்.

மனித உருவ அட்டை காவலருக்கும் ராணுவத்தினருக்கும் அவர்கள் வேலைக்காக ஏற்பட்டது. ஒலிம்பிக் ரேபிட் ஃபயரிலேயே ஒரு காலத்தில் நிற்கும் ஆள் வடிவத்தில்தான் அட்டை இருந்தது. 1980-களின் இறுதியில் அதை எடுத்துவிட்டு வட்டத்தைக் கொண்டுவந்தார்கள். விளையாட்டுக்காகப் பழகும் பள்ளிப் பிள்ளைக்கு அந்த உருவம் தேவையில்லை. அவ்வளவு பெரிய உருவத்தில் எங்கே பட்டாலும் பட்டதாகத் தோன்றும். மறுபடியும் பலூன் கதைதான். ஆளைப் பார்த்துச் சுடும் பழக்கத்தைச் சிறு பிள்ளையின் மனதில் ஏற்றுவானேன் என்ற கேள்வியும் இருக்கிறது.

மாதத்துக்கு எத்தனை அட்டை?

குமாஸ்தா வீட்டில் கடைசியாக வந்து நிற்பது இந்தக் கேள்விதான். ஏர் பிஸ்டல் போட்டிக்கு 60 ரவை. 2018 முதல் பெண்களுக்கும் அதே 60. ஒரு நாளைக்கு அவ்வளவு சுட்டு, மாதத்தில் 25 நாள் பழகினால் 1,500 ரவை. அட்டைக்கு ஒன்று வீதம் சுட்டால் 1,500 அட்டை. ஐந்து வீதம் என்றால் 300. பத்து வீதம் என்றால் 150.

எல்லா நாளும் ஒரே கணக்கு தேவையில்லை. புதியவருடைய ரவைகள் சிதறித்தான் விழும். ஓர் அட்டையில் பத்து போட்டாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கை தேறத் தேற, ரவைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே பொத்தலாகிவிடும். எந்த ரவை எங்கே புகுந்தது என்று தெரியாத நிலை வந்ததும் ஐந்துக்கு இறங்கலாம். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று சுடலாம். புள்ளி எண்ணாத நாட்களுக்குத் திருப்பிப் போட்ட பழைய அட்டைகள் போதும். அச்சடித்த நல்ல அட்டையைப் புள்ளி எண்ணும் நாளுக்கு வைத்துக்கொண்டால் 300 என்பது இன்னும் குறையும்.

வாங்கிய கட்டை எங்கே வைப்பது என்பதும் கவனிக்க வேண்டியது. ஜூலை, ஆகஸ்டு மழையில் அட்டை ஈரத்தை இழுத்து நமுத்துவிடும். நமுத்த அட்டையில் துளை பிசிறடிக்கும். செய்தித்தாளில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் படுக்கை வசமாக வைத்தால் போதும். சுருட்டி வைத்தால் மாட்டும்போது வளைந்து நின்று வட்டம் முட்டையாகத் தெரியும்.

சுடுதளத்தில் இன்னொரு வேலையும் உண்டு. கயிற்றுச் சகடையைச் சுற்றினால் அட்டை ஆடிக்கொண்டே கைக்கு வந்து சேரும். அதைக் கழற்றியதும் மூலையில் தேதி, எத்தனையாவது தொடர், எத்தனை புள்ளி என்று பென்சிலால் எழுதிவிட வேண்டும். கோப்பு வைப்பது குமாஸ்தாவுக்குக் கைவந்த கலை. வாரத்துக்கு ஓர் அட்டையைத் துளையிட்டு நாடா போட்டுக் கட்டி வைத்தால், மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்க்கும்போது மகள் எங்கே இருந்தாள், எங்கே வந்திருக்கிறாள் என்பது தெரிந்துவிடும். பயிற்சியாளரிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்கும் அதைவிட நல்ல ரிக்கார்டு கிடையாது.

அட்டையிலும் விரலிலும் ஈயத்தூள் ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. கோப்பில் சேராத மீதி அட்டைகளைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல், பொட்டலம் மடிக்கவும் எடுக்காமல், தனியாகக் கட்டிப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் எடைக்குப் போட்டுவிடலாம். ஓட்டை விழுந்திருக்கிறதே என்று அவர் பேரம் பேசினால், ஓட்டைக்கு ஏற்கெனவே எடை குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.